எடை: எழுபத்தெட்டு கிலோ

துராஹ், ஆஸ்திரியா
12 நவம்பர் 1996, செவ்வாய்

பிரினா,

இன்று எனக்கு விடுமுறை. நேற்று மட்டும் மூன்று மூட்டை உருளைக்கிழங்கு உரித்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இல்லாவிட்டாலும் உன்னைப் போல முத்து முத்தாக எழுத எனக்கு வந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் பைண்டிங் போய்விட்டது. இடது காலுக்கானது. பூட்ஸைப் பனிச்சறுக்குப் பலகையோடு பிடித்துவைக்கும் அந்த பிளாஸ்டிக் தட்டில், குதிகால் பக்கம், நகம் நுழையும் அளவுக்கு விரிசல். எங்கள் ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஜெரிகா, பலகை உன்னைச் சுமக்குதா, நீ பலகையச் சுமக்குறியா?" என்றார். "மாத்தி மாத்திச் சுமந்துக்குறோம். உங்க சாஸத்தான் யாராலயும் சுமக்க முடியல" என்றேன். அன்று மாலைவரை மனிதர் பேசவில்லை.

பிப்ரவரி 8 அன்று ரோக்லாவில் தேர்வுப் பந்தயம். தேசிய அணிக்கு இரண்டு பெண்களை எடுக்கிறார்கள். எனக்கு இருபத்து மூன்று முடியப்போகிறது. அதற்கு மேல் புதிய ஆளை யாரும் எடுப்பதில்லை. நான் மென்மையான பூட்ஸ் போட்டு அந்தரத்தில் கரணம் அடிக்கிற கூட்டம் இல்லை என்று உனக்குத் தெரியும். கெட்டி பூட்ஸ், நீளப் பலகை, இடுப்பு பனியில் உரசும்வரை சாய்ந்து மலையை அறுத்துக்கொண்டு இறங்குவது. எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

நல்ல பைண்டிங்காக நீ தேர்ந்தெடு. என் ஜெர்மன் சமையலறை ஜெர்மன், பட்டியல் புத்தகம் படிக்க உதவாது. நீதான் மருந்துச் சீட்டைக்கூட விடாமல் படிக்கிறவள். எழுதிக்கொள்: பூட்ஸ் 27.5. பலகையில் நிற்கும் கோணம் முன்கால் 54 டிகிரி, பின்கால் 51. எடை 98 கிலோ. மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தது, அது பொய் சொல்லாது. பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டால் 105.

அம்மாவிடம் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல். அவளுக்கு அதில் சந்தேகம் வராது.

ஜெரிகா

*

மெஷிட்சா
20 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் வேறு எதையும் படிக்கவில்லை. பள்ளி முடிந்ததும் ரவ்னேயில் பொகோமிர் மாமாவின் விளையாட்டுக் கடைக்குப் போய், அவரிடம் உள்ள பட்டியல்கள் எல்லாவற்றையும் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அவர் மகள் டாரியா இந்த வருடம் என் வகுப்பில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மாலையில் அவள்தான் கல்லாவில் உட்காருகிறாள். பக்கத்தில் எனக்கும் ஒரு முக்காலி போட்டுவிட்டாள். வகுப்பில் யாரும் எனக்கு இடம் போட்டு வைத்ததில்லை.

இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டுக் கணக்குப் போட்டேன். மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் இறுக்கமாகத் திரும்பும்போது, உடம்பின் பாரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. உன் 105 கிலோ அங்கே இருநூறு. அதையெல்லாம் தாங்குவது இரண்டு தட்டுகளும், பூட்ஸை முன்னும் பின்னும் கவ்வும் நான்கு கம்பி வளையங்களும்தான். அதனால் உன் எடைக்காரர்களுக்கு முழு பிளாஸ்டிக் ஆகவே ஆகாது. வளைந்து கொடுக்கும், பலகை தாமதமாகக் கேட்கும், கடைசியில் விரியும். முழுக்க அலுமினியமாக வருவதும் வேண்டாம். அது கொஞ்சமும் நெகிழாது. உறைந்த மேட்டில் அடிக்கிற அடி நேராக முழங்காலுக்குப் போகும், அல்லது திருகாணியைப் பலகையிலிருந்து பிடுங்கிவிடும்.

பவேரியாவில் ஒரு சின்னப் பட்டறை ஆளுக்கேற்றபடி செய்து தருகிறது. அலுமினியத் தட்டு, அடியில் ரப்பர் மெத்தை, நான்கு நீளத் திருகாணிகள். 85 கிலோவுக்குக் கீழே என்றால் ஐந்து மில்லிமீட்டர் கம்பியும் மஞ்சள் நிற மெது ரப்பரும். அதற்கு மேலே ஆறு மில்லிமீட்டர் எஃகுக் கம்பியும் கறுப்பு நிறக் கெட்டி ரப்பரும். இதைத்தான் உனக்குச் சொல்கிறேன். படிவம் நிரப்பிக் கொடுத்தால் மாமா தொலைநகலில் அனுப்பிவிடுவார்.

அந்தப் படிவத்தைப் பற்றி ஒன்று. பெட்டி வந்து சேரும்வரை அதைக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் குத்தி வைப்பது மாமாவின் வழக்கம். பெயர், ஊர், பூட்ஸ், எடை எல்லாம் அதில் இருக்கும். காபி குடிக்க வருகிற பனிச்சறுக்குச் சங்கத்து ஆட்கள் செய்தித்தாள் மாதிரி அதைப் படிப்பார்கள். திங்களன்று தீயணைப்பு நிலையத்து மார்யானின் படிவம் ஏறியது. 112 கிலோ.

"மார்யான், நீ ஆர்டர் குடுத்தது பைண்டிங்குக்கா, பாலத்துக்கா?"

"மலையேத்துற லிஃப்ட்ல இவனுக்கு முன்னாடி ஒரு நாற்காலி, பின்னாடி ஒரு நாற்காலி காலியா விடணும்டா. கேபிள் பாவம்."

மார்யானும் கூடவே சிரித்தார். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. டாரியா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பார்த்ததை எல்லாம் எழுத வேண்டும் என்பது என் கொள்கை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

உன் சம்மதம் வந்ததும் படிவம் கொடுக்கிறேன்.

பிரினா

*

துராஹ்
26 நவம்பர் 1996

பிரினா,

சம்மதம். கறுப்பு ரப்பர், தடித்த கம்பி. இருநூறு கிலோ என்று நீ போட்ட கணக்கைச் சமையலறையில் படித்துக் காட்டினேன், பாத்திரம் கழுவுகிறவள் எழுந்து எனக்கு வணக்கம் வைத்தாள்.

பொகோமிரிடம் சொல், மார்யானின் காகிதத்துக்குப் பக்கத்திலேயே என் காகிதத்தையும் மாட்டச் சொல்லி. ஒல்லிகள் எல்லாம் கீழே தொங்கட்டும். பனி இறுகிக் கண்ணாடி மாதிரி இருக்கிற நாளில் அவர்கள் ஓரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போவார்கள், நான் கோடு போட்டது போல இறங்குவேன். அதற்கு இந்த உடம்பு வேண்டும்.

ஜெரிகா

*

மெஷிட்சா
6 டிசம்பர் 1996

அன்புள்ள அக்கா,

இன்று புனித நிக்கோலாஸ் நாள். அம்மா உன் பங்கு உலர்ந்த பேரிக்காயைத் தனியே எடுத்து வைத்திருக்கிறாள்.

படிவம் போன வெள்ளிக்கிழமையே போய்விட்டது. சுவரிலும் மாட்டியாயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜனவரி முதல் வாரம் பெட்டி நேராக உன் ஓட்டலுக்கு வரும்.

டாரியா என்னைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்திருக்கிறாள். நான்கு பேரைத்தான் அழைத்திருக்கிறாளாம். திங்களன்று இலக்கணத் தேர்வு, இத்துடன் நிறுத்துகிறேன்.

பிரினா

*

துராஹ்
7 ஜனவரி 1997

பிரினா,

பெட்டி நேற்று வந்தது. பார்க்க நகை மாதிரி இருக்கிறது. அன்றே மாட்டி, இன்று காலை மூன்று மணி நேரம் இறங்கிப் பார்த்தேன்.

கால்விரல் பக்கம் சாயும் திருப்பம் அருமை. குதிகால் பக்கம் ஏதோ சரியில்லை. நான் சாய்ந்த பிறகு பலகை ஒரு கணம் யோசித்துவிட்டு வருகிறது. பின்கால் மெத்தையில் நிற்பது போல அமுங்குகிறது. கழற்றிப் பார்த்தால் அடியில் ரப்பர் மஞ்சளாக இருக்கிறது. கறுப்பு என்றுதானே எழுதியிருந்தாய்? கம்பியும் எனக்கு ஒல்லியாகத் தெரிகிறது, ஆனால் அளக்க இங்கே கருவி இல்லை.

பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்றால் இப்போதே அனுப்பினால்தான் உண்டு. பொகோமிரிடம் கேட்டு உடனே எழுது. நீ சரி என்றால் சரி.

ஜெரிகா

*

மெஷிட்சா
13 ஜனவரி 1997

அன்புள்ள அக்கா,

கேட்டுவிட்டேன். இந்த வருடம் நிறங்களை மாற்றிவிட்டார்களாம். பொகோமிர் மாமாதான் சொன்னார். முன்பு கறுப்பு என்றது இப்போது மஞ்சள். குதிகால் பக்கம் அமுங்குவது புது ரப்பர் என்பதால் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் ஓடினால் இறுகிவிடும் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். திருப்பி அனுப்பினால் பந்தயத்துக்குள் வராமல் போனாலும் போகும்.

பின்காலின் குதிகாலுக்கு அடியில் மெல்லிய ஆப்பு ஒன்று வைத்துப் பார்.

இங்கே கடும் குளிர். அப்பாவுக்கு மறுபடியும் இருமல்.

பிரினா

*

மெஷிட்சா
12 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

அறுவைச் சிகிச்சை முடிந்து நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று அப்பா வந்து சொன்னார். அவரிடம் கொடுத்தனுப்பிய கார்னிவல் அப்பங்களைச் சாப்பிட்டாயா? அம்மா அழுதுகொண்டே பொரித்ததால் இரண்டு கருகிவிட்டன.

நான் ரோக்லாவில் ஏழாவது கொடிக்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். முதல் ஓட்டத்தில் நீ இரண்டாவது இடத்தில் இருப்பதை ஒலிபெருக்கியில் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவரிடம், "அது எங்க அக்கா" என்றேன். இரண்டாவது ஓட்டத்தில் நீ ஆறாவது கொடியைச் சுற்றி வந்தாய். குதிகால் பக்கம் சாய்ந்தாய். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, பென்சில் ஒடிகிற மாதிரி. கம்பி விட்டுப்போய், பின்கால் வெளியே வந்து, முன்கால் மட்டும் பலகையோடு சுழன்றது. அந்தக் காலைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

நான் வேலியைத் தாண்டி வரவில்லை. எல்லாரும் ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ கொஞ்சம் தேறட்டும்.

பிரினா

*

லாஷ்கோ
20 பிப்ரவரி 1997

பிரினா,

என்னை இங்கே, காலுக்குப் பயிற்சி தரும் மருத்துவமனைக்கு மாற்றியிருக்கிறார்கள். காலையில் வெந்நீர்க் குளம், பிறகு ஒரு மணி நேரம் காலை மடக்கச் சொல்லும் சித்திரவதை. முழங்காலில் இரண்டு தசைநார்கள் அறுந்திருக்கின்றன. முப்பது டிகிரிதான் மடங்குகிறது. ஓட்டலில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அணிப் பட்டியல் பத்திரிகையில் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி படித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அறுந்த கம்பியை அப்பா எடுத்து வந்தார். இங்கே ஒரு தொழில்நுட்பர் அளந்து சொன்னார். ஐந்து மில்லிமீட்டர். ஐந்து, பிரினா. நான் கேட்டது ஆறு. நிறம் மாறிவிட்டது என்று உன்னிடம் சொன்ன பொகோமிர், பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு பள்ளிப் பெண்ணை அனுப்பிவிட்டான். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் போய்க் கேட்பார். பட்டறைக்கும் எழுதியிருக்கிறேன். இங்கே ஜெர்மன் தெரிந்த நர்ஸ் ஒருத்தி எழுதித் தந்தாள்.

என்னமோ சொல்ல வேண்டும் என்றாயே, என்ன அது?

ஜெரிகா

*

மெஷிட்சா
27 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

அப்பா செவ்வாயன்று கடைக்குப் போனார். நானும் உடன் போக வேண்டியதாயிற்று, சாட்சி சொல்ல. கடையில் ஆறேழு பேர் காபியோடு இருந்தார்கள். அப்பா தொப்பியைக்கூட எடுக்கவில்லை. ஈயச் சுரங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

"என் பொண்ணு காலு போச்சுடா பொகோமிர். உனக்குக் காபி எறங்குதா?"

"வின்கோ, உக்காரு. என்ன அனுப்பச் சொன்னாங்களோ அதத்தான் அனுப்பினேன்."

"நெறம் மாறிப்போச்சுன்னு இந்தப் புள்ளகிட்ட சொன்னியா இல்லியா?"

"நானா? எப்போ? பிரினா, நான் எப்பம்மா உன்கிட்ட அப்படிச் சொன்னேன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாரியா கல்லாவில் இருந்தபடியே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்பா அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். "பாரு, புள்ள பயந்துபோய் நிக்குது" என்றார். போகும்போது கதவை அவர் சாத்திய வேகத்தில் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரம் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு சங்கத்து ஆட்கள் பாதிப் பேர் கடைக்கு வருவதில்லையாம். டாரியா என் பக்கத்து இருக்கையிலிருந்து மாறிப் போய்விட்டாள்.

சொல்ல நினைத்தது பெரிய விஷயம் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

பிரினா

*

மெஷிட்சா
9 மார்ச் 1997

அக்கா,

நேற்று பெண்கள் தினம். பள்ளியில் வெள்ளிக்கிழமையே எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு கார்னேஷன் பூ கொடுத்தார்கள். டாரியா தன்னுடையதைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டு, "இதையும் நீயே வச்சுக்க. எங்கப்பாவ மாட்டிவிட்டுட்டு அமைதியா இருக்கியே, அதுக்குப் பரிசு" என்றாள். அவளுக்குத் தெரியும். அவள் அங்கே இருந்தாள்.

அந்தப் படிவத்தில் உன் எடையை நான் 78 என்று எழுதினேன்.

பேனா அந்தக் கட்டத்துக்கு வந்தபோது டாரியா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் மார்யானின் காகிதம் தொங்கியது. அதில் யாரோ ஒரு யானை வரைந்திருந்தார்கள். உன் காகிதத்திலும் வரைவார்கள் என்று நினைத்தேன். உன்னைப் பார்த்து அவர்கள் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். பிறகு தனியே மாமாவிடம் சொல்லித் திருத்திவிடலாம் என்றும் நினைத்தேன். மறுநாள் போனேன், கடையில் ஆள் இருந்தது. அடுத்த நாளும் ஆள் இருந்தது. ஜனவரியில் நீ கேட்டபோது நான் மாமாவிடம் போகவே இல்லை. நிறம் மாறியது என்பது நானே எழுதியது. பத்திரிகையில் படித்தேன் என்றதும் அப்படியே.

நான் போட்ட இருநூறு கிலோ கணக்கு எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்படி எப்படி நினைக்க முடிந்தது என்று தெரியவில்லை.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் அக்கா.

பிரினா

*

லாஷ்கோ
10 மார்ச் 1997

பிரினா,

பட்டறைக்காரர்கள் பதில் போட்டுவிட்டார்கள். கூடவே தங்களுக்கு வந்த படிவத்தின் நகலையும் வைத்திருக்கிறார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். பொகோமிரின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். இது முத்து முத்தாக இருக்கிறது.

எடை: 78.

இதை யார் எழுதினார்கள் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று மட்டும் சொல்.

ஜெரிகா

*

லாஷ்கோ
18 மார்ச் 1997

பிரினா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதில் ஒன்பதாம் தேதி, என்னுடையதில் பத்தாம் தேதி. நான் கண்டுபிடிக்கும் முன்பே நீ சொல்லிவிட்டாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டறைக்கு எழுதியிருக்கிறேன் என்று பிப்ரவரியிலேயே உனக்குத் தெரியும். மனதாரச் சொன்னாயா, பயந்து சொன்னாயா என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

என்னைக் காப்பாற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். என்னைப் பார்த்துப் பன்னிரண்டு வயதிலிருந்து சிரிக்கிறார்கள். பள்ளிப் பேருந்தில், தேவாலயத்தில், லிஃப்ட் வரிசையில். நான் செத்துப்போய்விடவில்லை. மார்யானின் காகிதத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல் என்று உனக்கு எழுதியது நான்தானே? படித்தாய்தானே? யாரையும் காப்பாற்ற வேண்டிய நிலைமை அங்கே இல்லை. அந்த முக்காலி உனக்குப் பிடித்திருந்தது. தொண்ணூற்றெட்டு கிலோ ஆளுக்குத் தங்கை அதில் உட்கார முடியாது என்று நினைத்தாய்.

சரி. பேனாவைக் கட்டத்தில் வைத்தது ஐந்து வினாடி. அந்த ஐந்து வினாடியை நான் புரிந்துகொள்ளப் பார்த்தேன், இரண்டு நாள் முயன்றேன், ஓரளவு முடிந்தது. ஜனவரி கடிதம்தான் முடியவில்லை. நான் கேட்டேன். ரப்பர் மஞ்சள், கம்பி ஒல்லி, ஒரு மாதம் இருக்கிறது என்று கேட்டேன். நீ மேசையில் உட்கார்ந்து, தேதி போட்டு, "அன்புள்ள அக்கா" என்று தொடங்கி எழுதினாய். குதிகாலுக்கு ஆப்பு வேறு வைக்கச் சொன்னாய். அன்று உன் தோளுக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நீ சரி என்றால் சரி என்று எழுதியிருந்தேன். படிப்பு வராதவள் படித்தவளிடம் எழுதுகிற வார்த்தை அது.

பொகோமிரிடமும் அப்பாவிடமும் போய்ச் சொல். கடிதத்தில் இல்லை, வாயால். அது முடியும்வரை எனக்கு எழுதாதே.

ஜெரிகா

*

மெஷிட்சா
24 மார்ச் 1997

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் முதலில். விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்த பிறகும் நான்கைந்து கட்டை அடுக்கினார். பிறகு, "நான் அவன் கடையில போய் அத்தன பேர் முன்னாடி கத்தினப்போ நீ பக்கத்துலதான நின்ன?" என்றார். ஆமாம் என்றேன். "நின்னியே" என்றார். அதற்கு மேல் என்னிடம் எதுவும் பேசவில்லை, இன்றுவரை.

கடைக்கு வெள்ளிக்கிழமை மாலை போனேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகத்தான் முதலில் நினைத்தேன். பிறகு அதுவும் அதே புத்திதான் என்று தோன்றியதால் காபி நேரத்தில் போனேன். நான்கு பேர் இருந்தார்கள், மார்யானும் இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். பொகோமிர் மாமா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, என் காதோட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் காகிதத்த நான் மாட்டியே இருக்க மாட்டேனே. எத்தனையோ பேரு மாட்டாதன்னு சொல்லியிருக்காங்க, நானும் மாட்டினதில்ல. சுவத்துல காகிதம் தொங்கினாத்தான் பைண்டிங் வருமா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு படித்தும் தோன்றவில்லை.

மார்யான் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். "உங்க அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டார். தொண்ணூறு டிகிரி மடக்க முயற்சி செய்கிறாள் என்றேன். "நல்ல சறுக்குக்காரி. அந்தச் சாய்வு வேற யாருக்கும் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். டாரியா மட்டும், "இப்ப சொல்றதுக்கு என்ன. இனிமே உடையறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லையே" என்றாள். அவள் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

படிவங்கள் இன்னும் சுவரில்தான் தொங்குகின்றன.

மாமாவிடம் அப்பா போய் மன்னிப்புக் கேட்டாராம். அம்மா சொன்னாள். தான் செய்யாத தவறுக்கு.

ஈஸ்டர் முடிந்ததும் உன்னைப் பார்க்க வரலாமா? சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை.

பிரினா

*

லாஷ்கோ
27 மார்ச் 1997

பிரினா,

சனிக்கிழமை இங்கே எல்லார் வீட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கூடத்தில் நிற்க இடம் இருக்காது. நான் ஊன்றுகோலோடு நடந்தால் தரை அதிர்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறு வாரம் உட்கார்ந்தே இருந்ததில் இப்போது 104 கிலோ. உடுப்பில்லாமல்.

நீ செவ்வாய்க்கிழமை வா. செவ்வாயில் யாரும் வருவதில்லை. உனக்கு வசதியாக இருக்கும்.

ஜெரிகா

*

மெஷிட்சா
6 ஏப்ரல் 1997, ஞாயிறு

அக்கா,

நேற்று நான் வந்தேன், அதனால் நீ எல்லாம் அறிவாய். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் நாம் பேசிக்கொண்டது மிகக் குறைவு.

நீ எழுதியது உண்மைதான், கூடத்தில் நிற்க இடமில்லை. ஜன்னலோர மேசையில் மூன்று பேரோடு நீ சீட்டாடிக்கொண்டிருந்தாய். மேசையைச் சுற்றி ஊன்றுகோல்கள் சாத்தியிருந்தன. நான் அம்மா கொடுத்த ஈஸ்டர் பன்றித்தொடையும் வால்நட் ரொட்டியும் இருந்த கூடையோடு உனக்கு எதிரே நின்றேன். நீ கையில் இருந்த சீட்டுகளை முடிக்கும்வரை நிமிரவில்லை. நான் நீ மெலிந்திருப்பாய் என்றோ பருத்திருப்பாய் என்றோ எதிர்பார்த்து வரவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். சீட்டை இறக்கும்போது நீ சிரித்தாய், பக்கத்து ஆளைப் பார்த்து.

அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மா கேட்டார். "ஜெரிகா, இது யாரு? கண்ணு உன்ன மாதிரியே இருக்கே. தங்கச்சியா?"

நீ சீட்டைக் கலைத்துக்கொண்டே, "இல்ல. எங்க ஊர்ப் பொண்ணு. நெறைய புத்தகம் படிக்கும்" என்றாய்.

கூடையை மேசையில் வைத்தேன். ரொட்டியை எல்லாருக்கும் அறுத்துக் கொடுத்தேன். உனக்கு முனைப் பகுதி பிடிக்கும் என்று எடுத்து வைத்தேன், நீ அதைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளினாய். மூன்று மணிக்கு நீ நடைப்பயிற்சிக்கு எழுந்தபோது கூட வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாய். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீ நான்கு முறை நடந்தாய். எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மூன்றாவது முறை கால் உதறியபோது நான் எழுந்தேன், நீ கையால் உட்காரச் சொன்னாய்.

பேருந்தில் வரும்போது கோபம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மலைச்சாலை ஏறுவதற்குள் கோபம் போய்விட்டது. பிறகு ஒன்றும் வரவில்லை.

செவ்வாயில் நான் வர மாட்டேன். அடுத்த சனிக்கிழமை எட்டரை மணிப் பேருந்தில் வருகிறேன். அதற்கு அடுத்த சனிக்கிழமையும். கேட்பவர்களிடம் நான் யார் என்று நீ உனக்குத் தோன்றியபடி சொல்லிக்கொள். நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பிரினா